காமன் ரதி இளநீரும் கடைசிப் பாடமும்

கிளாத்தேன், 5.9.1993

அன்புள்ள உங்களுக்கு,

நலம். வயிறுதான் எனக்கு முன்னால் வாசலைத் தாண்டுகிறது. ஏழாம் மாதச் சடங்கை அக்டோபர் இரண்டு, சனிக்கிழமை வைத்திருக்கிறார் அப்பா. காமன், ரதி உருவம் வரைந்த இளநீரை வழக்கப்படி குழந்தையின் அப்பாவாக நீங்கள்தான் வெட்ட வேண்டும். என் தம்பி பக்யோ உங்களுக்குப் பதிலாகத் தான் வெட்டுவதாகச் சொல்லி அரிவாளைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். "பிள்ளை உன்னை அப்பான்னு கூப்பிட்டா நீ படிக்க வைப்பியா?" என்றேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டான்.

போன பருவத்திலேயே பாடங்கள் முடியும் என்றீர்கள். இரும்பைப் பற்றிப் படிக்க அப்படி எவ்வளவுதான் இருக்கிறது? பிள்ளை பிறந்த பிறகும் நீங்கள் அங்கே, நாங்கள் இங்கே என்றால் என்னால் முடியாது. சொல்லிவிட்டேன்.

உங்கள்,
ரெத்னோ

பாண்டுங், 13.9.1993

என் ரெத்னோவுக்கு,

கோபப்படாதே. நான் இயற்பியல் படித்துவிட்டுப் பொருள் பொறியியல் முதுநிலைக்கு வந்தவன். அதனால் இளநிலைப் பிள்ளைகளோடும் உட்காரவைத்தார்கள். முதல் நாள் நான் நுழைந்ததும் வாத்தியார் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

இனிக் கருத்தரங்குப் பாடம் ஒன்றுதான் பாக்கி. அதில் தேறிவிட்டால் ஆய்வை நம் ஊர்ச் சர்க்கரை ஆலையிலேயே செய்யலாம், உங்கள் இருவரோடும் இருக்கலாம். ஆனால் நான் பேச வேண்டிய நாளும் அதே சனிக்கிழமை காலைதான். தவறினால் அடுத்த வருடம்.

பேராசிரியர் தர்சோனோவிடம் போய்க் கெஞ்சினேன். அவரும் நம் ஊருக்குப் பக்கத்துச் சோலோக்காரர். ஜெர்மனியில் பட்டம் வாங்கியவர். கருத்தரங்கை நகர்த்த மாட்டேன் என்றவர், சடங்கு நாளை யார் குறித்தது என்று கேட்டார். "நம்ம ஊர் வழக்கப்படி வெள்ளி பொழுது சாஞ்சாலே சனி பொறந்தாச்சேப்பா. உன் மாமனாருக்கு அது மறந்துபோச்சா? சாயங்காலமே வெட்டிட்டு ரயிலைப் பிடி" என்றார். மாமாவிடம் பக்குவமாகச் சொல்.

உன்,
ஹர்ஜித்தோ

கிளாத்தேன், 3.10.1993

அன்புள்ள உங்களுக்கு,

பேராசிரியர் திருத்தியதில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த அப்பா, இப்போது வெள்ளி மாலை என்று முதலில் சொன்னதே தான்தான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார். சடங்குக் குளியலில், பூ மிதந்த நீரில் வெந்நீர் கலக்காமல் என் தலையில் ஊற்றிய உங்கள் அத்தையை நான் மன்னிக்கப் போவதில்லை.

பொருள்கள் எப்படி உடைகின்றன என்பதுதானே உங்கள் பாடம்? இரண்டு முறை வெட்டியும் இளநீர் நழுவிக் கோழிக்கூண்டுக்குள் உருண்டதே. பக்யோ இன்னும் சிரிக்கிறான். நானும் சிரித்த சிரிப்பில் குழந்தை உதைத்தது. நீங்கள் தலையில் பூவிதழோடு ஸ்டேஷனுக்கு ஓடிய பிறகுதான் அழுதேன்.

என்ன ஆயிற்று என்று உடனே எழுதுங்கள்.

ரெத்னோ

பாண்டுங், 11.10.1993

என் ரெத்னோவுக்கு,

தூங்காத கண்ணோடு மேடையேறினேன். பேராசிரியர் எழுந்து, "இளநீர் உடைஞ்சுதா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். கூடமே சிரித்தது. ஏன் உடையவில்லை என்று கரும்பலகையில் விளக்கச் சொன்னார். ஈர நார் அடியை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று வரைந்து காட்டினேன். முதல் தர மதிப்பெண் கிடைத்தது.

சந்தோஷமாக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாள், இளநிலைப் பிள்ளைகளோடு படித்தது முதுநிலைக் கணக்கில் சேராது என்றார். நான் சேரும் என்று நினைத்திருந்தேன். முட்டாள் நான். பிப்ரவரி முதல் ஜூன் வரை இன்னும் ஒரு பாடம் இருக்கிறது. பிரசவத்துக்கு ஓடி வருவேன், ஆனால் திரும்பிப் போக வேண்டும். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஹர்ஜித்தோ

கிளாத்தேன், 18.10.1993

அன்புள்ள உங்களுக்கு,

திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். அம்மா படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சேர்க்கச் சொன்னார். அப்புறம் நானே கிழித்துப் போட்டேன்.

பரவாயில்லை என்று எழுத மாட்டேன், எனக்குக் கோபம்தான். ஆனால் கோபத்தை இங்கே வைத்துக்கொண்டு உங்களை அங்கே வைத்திருக்க முடியவில்லை. குழந்தைக்கு முப்பத்தைந்தாம் நாள் சடங்கு முடிந்ததும் நானும் அதுவும் பாண்டுங் வருகிறோம். அப்பா கூடாது என்கிறார், அம்மா பாத்திரம் கட்டுகிறார். அந்தப் பாடத்தைப் படியுங்கள். மாலையில் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்குங்கள்.

கட்டில் வேண்டாம். ஜன்னல் உள்ள அறையாகப் பாருங்கள்.

உங்கள்,
ரெத்னோ