ஊர் திரும்பியவரின் தொலைபேசி எண்

12 ஜூன் 2018, செவ்வாய். டாம்வொர்த், ஆஸ்திரேலியா

பள்ளியில் புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் மாலை ஒன்றில் ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார்: "மிஸ், உங்க ஸ்கூல்ல ஃபெயிலாகிற பிள்ளைய என்ன பண்ணுவீங்க?" மற்றவர்கள் முதல் மதிப்பெண் யார், பல்கலைக்கழகம் போனவர்கள் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். இருபது வருடமாகிறது. அவர் கேட்டதுதான் கேள்வி என்று இன்று பல் துலக்கும்போது உறைத்தது.

காரணம், சாப்பாட்டு மேஜையில் இரண்டு கடிதங்கள். இரண்டும் எனக்குப் பைலட் வேலை தருவதாக அமெரிக்காவின் சிறு விமானக் கம்பெனிகள் எழுதியவை. பெரிய கம்பெனிகளுக்காகச் சின்ன ஊர்களுக்கு ஜெட் ஓட்டும் கம்பெனிகள். பெயர்கள் குழம்புவதால் ஒன்றுக்கு ஏரிக்கரை, டென்வரில் இருப்பதற்கு மலை என்று வைத்துக்கொண்டேன். ஆஸ்திரேலியர்களுக்கென்றே உள்ள வேலை விசாவை இரண்டுமே எடுத்துத் தரும். இருபது வருடச் சனி ஞாயிறுகளில் விமானம் ஓட்டும் கிளப்பில் கற்றுக்கொடுத்துச் சேர்த்த பறப்பு மணிநேரம் போதும் என்கிறார்கள்.

வகுப்பறை முடிந்துவிட்டது. வயது ஐம்பத்து நான்கு. அறுபத்தைந்தில் சட்டப்படி இறக்கிவிடுவார்கள். தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திருத்திக்கொள்ள எனக்கு நேரமில்லை. விசா கம்பெனியோடு கட்டப்பட்டது. வேலை போனால் அறுபது நாளில் நானும் என் கணவர் நெவிலும் மூட்டை கட்ட வேண்டும்.

"போனஸ் யாருது பெருசு?" என்றார் நெவில். லாரி மெக்கானிக், எதையும் எடை போட்டுப் பார்ப்பவர்.

"ஏரிக்கரை. ரெண்டு வருஷத்துக்குள்ள விலகினா திருப்பிக் கொடுக்கணுமாம்."

"அதானே. ஓசியில எவன் ஆட்டுக்கறி வறுத்துப் போடுவான்?"

15 ஜூன், வெள்ளி

இரண்டு இடத்துக்கும் போன் செய்தேன். ஒரே கேள்வி: உங்களிடமிருந்து கடைசியாக ஊர் திரும்பிய விசாக்காரர் யார், அவரோடு பேச முடியுமா?

ஏரிக்கரைக்காரன் சிரித்தான். "எங்ககிட்ட யாரும் ஃபெயிலாகறதே இல்ல மேடம். நூத்துக்கு நூறு!"

நூற்றுக்கு நூறு பள்ளிகளை எனக்குத் தெரியும். தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையைத் தேர்வுக்கு முன்பே வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். அப்படி வந்த பிள்ளைகள் எத்தனை பேர் நடு வருடத்தில் என் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

மலையில் போனை எடுத்தது மார்லிஸ் என்ற அம்மாள். "இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லைங்க. அவர்கிட்ட சம்மதம் கேட்டுட்டுச் சொல்றேன், பொறுத்துக்குவீங்களா?"

பொறுத்துக்கொள்வேன். எட்டாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தவள்.

17 ஜூன், ஞாயிறு

எண் வந்தது. ஹேமிஷ். இப்போது இங்கே வடக்கே மோரி ஊரில் பருத்தி வயல்களுக்கு விமானத்தில் மருந்து அடிக்கிறான்.

"ஆமா, என்னை அனுப்பிட்டாங்க. சிமுலேட்டர்ல ஒரு இன்ஜினை நிறுத்துவாங்க, கை நடுங்கிடும். ரெண்டு தடவை கோட்டை விட்டேன்."

"அப்புறம்?"

"மூணாவது வாய்ப்பு குடுத்தாங்க. அதையும் விட்டேன். என் தப்புதான். ஆனா ஸ்கூல் லீவு விடுற வரைக்கும் என் பேரைச் சம்பளக் கணக்குலேர்ந்து எடுக்கல. என் பொண்ணு படிப்பு பாதியில கிளம்ப வேணாம்னு. ஏர்போர்ட்டுக்கு மார்லிஸ்தான் கார் ஓட்டிட்டு வந்தாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க டீச்சரா?" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்கீங்களே, மிஸ்."

18 ஜூன்

மலை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏரிக்கரை போனஸுக்காக நெவில் ஒரே ஒரு பெருமூச்சு விட்டார்.

10 செப்டம்பர், திங்கள். டென்வர்

முதல் நாள். ஒன்பது பேர். இந்தத் தொழிலில் எல்லாமே வரிசை எண்தான்: விடுப்பு, கிறிஸ்துமஸ், எந்தப் பயணம் என்பது வரை. ஒரே நாளில் சேர்ந்தவர்களை எப்படி வரிசைப்படுத்துவார்கள்? இங்கே வயதுப்படி. மூத்தவர் முதலில்.

வயதைச் சொல்லத் தயங்கித் தயங்கி இவ்வளவு தூரம் வந்தேன்! வகுப்பில் நான் முதல். பக்கத்திலிருந்த இருபத்து நான்கு வயதுக்காரன், "எங்க அம்மாவை நான் கோர்ட்டுக்கு இழுக்கப் போறேன், லேட்டா பெத்துட்டாங்க" என்றான்.

2 நவம்பர்

ஃபெயில். நான்தான். அதே இன்ஜின், அதே நடுக்கம். ஐயோ ஹேமிஷ், நீ சொன்னப்ப எனக்கெல்லாம் வராதுன்னு நெனச்சேனே. ஐம்பத்து நாலு வயசுல எதுக்கு இந்த வேலை? — சரி. தோற்ற பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வேன்? தூங்கு. காலையில் முதல் வரியிலிருந்து.

6 நவம்பர்

தேறினேன்.

22 செப்டம்பர் 2020, செவ்வாய்

கொரோனா வந்ததிலிருந்து பாதி இருக்கைகள் காலி. சில நாள் விமானத்தில் ஊழியர்கள் நாங்கள் நாலு பேர் மட்டும். பயணி ஒருவர்கூட இல்லை. வரிசையின் அடியிலிருந்து ஆட்களைக் குறைக்கிறார்கள். கோடு எங்கள் வகுப்புக்கு மேலே விழுந்தது. ஒன்பது பேருக்கும் வேலை போகிறது.

மார்லிஸ் கூப்பிட்டார். "கிளெனிஸ், முப்பதாம் தேதி உங்க கடைசி நாள்."

அக்டோபர் எட்டில் நெவிலுக்கு முழங்கால் ஆபரேஷன். மருத்துவக் காப்பீடு என் வேலையோடு போய்விடும்.

"நெவிலோட முழங்கால் எப்போ?"

"எட்டாம் தேதி."

"அப்போ உங்க கடைசி நாள் அக்டோபர் முப்பத்தொண்ணு. இப்பத்தான் மாத்தி எழுதினேன். அவரை நல்லா நடந்து பழகச் சொல்லுங்க."

போனை வைத்தபிறகுதான் அழுதேன். நெவில் பொரித்துக்கொண்டிருந்த முட்டையை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டை தீய்ந்தது.

29 மே 2022, ஞாயிறு. டாம்வொர்த்

வெளியே பனி உறைந்து புல் வெளுத்திருந்தது. ஒன்பது மணிக்குப் போனில் ஒரு பெண். டீகன், தெற்கே வாகா ஊரிலிருந்து. மார்லிஸ் வியாழனன்றே என் சம்மதம் கேட்டிருந்தார்.

"கடைசியா ஊர் திரும்பினது நீங்கதானாமே? எப்படி நடத்தினாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபெயிலானதையும், முழங்காலையும், தீய்ந்த முட்டையையும்.

"ஆனாலும் அனுப்பிட்டாங்கல்ல?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "இன்னொரு தடவை கூப்பிட்டா போவீங்களா?"

"செவ்வாய்க்கிழமை சிட்னியில எனக்கு விசா நேர்காணல், கண்ணு. என் வரிசை எண்ணை அப்படியே வச்சிருக்காங்க."

பின்னாலிருந்து நெவில் கத்தினார்: "பனி பூட்ஸ எந்தப் பெட்டியில போட்டே? இந்தப் புது முட்டி தாங்கும்டி, பழைய பூட்ஸ்தான் தாங்காது!"

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால், அவர்களுக்கு ஒன்று. அயல்நாட்டில் வேலைக்குக் கையெழுத்துப் போடுமுன், கடைசியாக ஊர் திரும்பியவரின் தொலைபேசி எண்ணைக் கேள். கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூப்பிடு.