பாறை சும்மா இருந்த நாள்

தறியை விட்டு எழுந்தால் என்னைப் பற்றிப் பெருமை பேசவே தெருவுக்குப் போகிற என் அப்பாவுக்கு,

நேற்று உனக்கு வருஷப் படையல். வடை, பாயசம், உனக்குப் பிடித்த காராமணிக் குழம்பு எல்லாம் வைத்தோம். நான் மட்டும் இலைக்கு முன்னால் உட்காரவில்லை. உள் அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "அவருக்குப் படைச்சிக்கினு இருக்கும்போதுகூட உனக்கு அந்தப் பொட்டிதானாடி?" என்று அம்மா கேட்டாள். அவளிடம் சொல்ல முடியாததைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யார் கேட்டாலும், "பூமி ஆடுதான்னு பாத்துக்கினு இருக்குது" என்பாய். நம்ம காஞ்சிபுரத்தில் எங்கே ஆடுகிறது என்று சிரிப்பார்கள். இங்கே இல்லை, தெலுங்கு தேசத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில். கரியை வெட்டி எடுக்க எடுக்க, அந்த இடத்துக்கு மேலே இருக்கிற பாறை கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து விழவேண்டும். விழுகிறபோதெல்லாம் ஒரு குட்டி நிலநடுக்கம். உள்ளே பதித்த கருவிகள் அதைப் பிடித்து அனுப்பும், நான் சின்ன காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து திரையில் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் தெலுங்கு கற்றுக்கொண்ட பாவத்துக்கு, ஆபீசில் அந்தச் சுரங்கத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நேற்று காலையிலிருந்து அதிர்வே இல்லை. கரியை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள், பாறை விழவில்லை.

சுரங்க மேனேஜர் சத்யம் சாருக்கு ஏக சந்தோஷம். "பூமித்தாய் இன்னைக்கு நல்லா தூங்குறா மேடம்" என்றார். எனக்கு அந்தத் தூக்கம் பிடிக்கவில்லை. தறி வீட்டில் வளர்ந்தவளுக்குச் சத்தம் இருந்தால்தான் தூக்கம். சின்ன வயசில் நீ தறியை நிறுத்தினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேனே, என்ன ஆச்சோ என்று. விழவேண்டிய பாறை விழாமல் தொங்கினால் ஒரு நாள் மொத்தமாக இறங்கும். அது கிளப்புகிற காற்றே ஆளைத் தூக்கி அடிக்கும்.

"ஆளுங்களை மேலே ஏத்துங்க சார்" என்றேன்.

"ஆடினா ஏத்தச் சொல்றீங்க, சரி. ஆடலைன்னாலும் ஏத்தணுமா? போன மாசமும் இப்படித்தான் ஏத்துனோம். ஒண்ணுமே ஆகலை. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க."

நியாயமான கேள்விதான். பாறை எப்போது விழும் என்று என் கருவிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடியில் ஆட்கள் இருக்கிறார்கள், அது மட்டும்தான் தெரியும். "தப்பாப் போச்சுன்னா என் மேலே பழியைப் போடுங்க. இப்போ ஏத்துங்க" என்று கத்தினேன். படையலுக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏற்றினார். திட்டிக்கொண்டேதான் ஏற்றினார்.

தம்பி ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். நான் அதைத் தொடவில்லை. திரையில் கோடு நேராகவே போய்க்கொண்டிருந்தது. யாரும் உள்ளே இல்லாத நேரத்தில் விழுந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் சொன்னது சரி என்று ஆகட்டும் என்ற ஆசையும் அதில் கொஞ்சம் இருந்தது. என் குணம் உனக்குத் தெரியாதா? அடுத்த ஷிப்டையும் இறக்கவேண்டாம் என்று சொன்னேன். அதற்கு அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

இன்று காலை பாறை விழுந்தது. மொத்தமாக இல்லை. வழக்கம்போலத் துண்டு துண்டாக, ஒரு மெஷினுக்குக்கூடக் கீறல் இல்லாமல்.

"ஆளுங்க உள்ளே இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது மேடம்" என்றார் சத்யம் சார். "இனிமே நீங்க சொன்னா, ஒரு தடவை யோசிச்சுட்டுத்தான் ஏத்துவேன்."

அவர் சொன்னது உண்மைதானே. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது அப்பா. அவர் யோசிப்பதைக்கூடச் சண்டை போட்டுச் சமாளித்துவிடுவேன். அடுத்த தடவை வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே யோசித்துக்கொண்டு நின்றுவிட்டால்?

நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்னபோதெல்லாம் உன்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒவ்வொரு தடவையும் வெறும் வாயு என்று திருப்பி அனுப்பினார்கள். "என்னா மாமா, வாயு எப்படி இருக்குது?" என்று தெருவே கேலி பண்ணியது. நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். கடைசித் தடவை வலித்தபோது நாங்கள் பக்கத்து அறையில்தான் இருந்தோம். நீ கூப்பிடவில்லை. "வாயுதான் இருக்கும், பசங்களை எதுக்கு அலைய வுடறே" என்று அம்மாவையும் தடுத்துவிட்டாயாம்.

வெட்கமா அப்பா? அதுவும் வாயுவாகவே இருந்து, இன்னொரு தடவை எல்லாரும் சிரித்திருந்தால் நமக்கு என்ன குறைந்து போயிருக்கும்? ஒரு வருஷமாக இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறேன். உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சந்தேகம் வந்தால் அந்த நிமிஷமே ஏற்றச் சொல்வேன். போன தடவை தப்பாகிப் போனதே என்று வாயை மூடிக்கொள்ளமாட்டேன். வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும். அத்தனை பேரும் பத்திரமாக மேலே வந்து, வெயிலில் நின்றுகொண்டு, வாய் வலிக்கிற வரைக்கும் என்னைத் திட்டட்டும்.

உன்மேல் கோபம் தீராத உன் மூத்த பொண்ணு,
செல்வி