விசில் வரவில்லை

என் அன்பானவளுக்கு,

நான் நலம். உன் கழுத்துவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

போன வாரம் இங்கே கிடங்கில் ஒரு வேடிக்கை நடந்தது. காய்கறிப் பெட்டிகளை அடுக்கக் குளிரறைக்குள் போனேன். நான் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். கதவைத் தட்டினேன், தொண்டை கிழியக் கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்தார்கள். பயப்படாதே, விரல்கள் கொஞ்சம் மரத்துப்போயின, அவ்வளவுதான். "ஒரு விசில் அடிச்சிருந்தா அப்பவே கேட்டிருக்குமேப்பா" என்றார் மேஸ்திரி.

அன்றிலிருந்து தினமும் வாயில் விரலை வைத்து ஊதுகிறேன். எச்சில்தான் தெறிக்கிறது. "என்னண்ணே, குக்கர்ல தண்ணி இல்லையா?" என்று தங்கும் அறையில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கல்யாணமான புதிதில், போகிற பஸ்ஸை நிறுத்த நீ இரண்டு விரலை வைத்து ஒரு விசில் அடித்தாய். தெருவே திரும்பிப் பார்த்தது. "பொம்பள செய்யிற வேலையா இது?" என்று அத்தனை பேர் முன்னால் திட்டினேன். அதற்குப் பிறகு நீ அடிக்கவே இல்லை.

இப்போது உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்? போனில் கேட்க வெட்கமாக இருக்கிறது. எந்த விரல், நாக்கை எப்படி மடிப்பது என்று படம் போட்டு எழுது. நாளைக்கும் அதே குளிரறையில்தான் வேலை.

அம்மாவிடம் சொல்லாதே. நம் பாப்பாவுக்கும் விசில் கற்றுக்கொடு. யாராவது ஏதாவது சொன்னால், அப்பாதான் அடிக்கச் சொன்னார் என்று சொல்லட்டும்.

வண்டி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன்னவன்