கும்பிடாமல் ஒரு பக்கம்

ஜூலை 4, செவ்வாய்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இந்தக் கொப்பியிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுத்துப் பரீட்சையில் தவறிவிட்டேன். பிரதேச சபையில் இருபத்தேழு வருடமாகக் கடிதம் எழுதியே சம்பளம் வாங்குகிற லிகிதர் பாலாம்பிகை, வயது நாற்பத்தொன்பது, டவுன் கல்வி நிலையத்தின் டிப்ளோமா அனுமதிக்கு 'எனது ஊர்' என்று ஒரு பக்கம் எழுதத் தெரியாமல் நூற்றுக்கு இருபத்தொன்பது வாங்கியிருக்கிறாள்.

அப்படி என்ன தப்பாக எழுதிவிட்டேன்? "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், குண்டசாலை எனது ஊராகும்" என்று தொடங்கி, "இங்ஙனம், தங்கள் பணிவுள்ள" என்று முடித்துக் கையெழுத்தும் போட்டேன். பழக்கதோஷத்தில் அதற்குக் கீழே 'பிரதி: கணக்காளர்' என்றும் எழுதிவிட்டேன். கணக்காளருக்கு என் ஊர் எதற்கு?

இனி டிப்ளோமா வேண்டுமென்றால் முதலில் சனிக்கிழமைகளில் 'விசேட உதவி தேவைப்படும் மாணவர்களுக்கான ஆரம்ப எழுத்து வகுப்பு'. அலுவலகத்தில் எதிர் மேசைக்காரி டிப்ளோமா முடித்துவிட்டு நடக்கிற நடையைச் சகிக்க முடியாமல்தான் விண்ணப்பித்தேன். போகத்தான் போகிறேன். அவளிடம் மட்டும் தையல் வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 8, சனி

வகுப்பில் பதினொரு பேர். ஆசிரியை ஹிதாயா, திகன ஊர்ப் பிள்ளை, என் மூத்தவளின் வயதுதான் இருக்கும். எங்கள் விடைத்தாள்களை மேசையில் பரப்பி வாசித்தாள்; சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். நான் மட்டுமல்ல, எல்லாருமே கும்பிட்டுத்தான் எழுதியிருக்கிறோம். தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற சந்திரிகா, தன் ஊரைப் பற்றி எழுதிவிட்டுக் கடைசியில் "ஆகவே தயவுகூர்ந்து ஆவன செய்யும்படி" கேட்டிருக்கிறாள். என்ன ஆவன? அவளுக்கும் தெரியாது. கூரைத் தகரத்துக்கு, பிறப்புச் சான்றிதழுக்கு, தண்ணீர்க் குழாய்க்கு என்று பாதி லயத்து வீடுகளுக்கும் மனு எழுதிக் கொடுத்தே எழுதப் பழகியவள்.

"யாரையும் கும்பிடாம ஒரே ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க. அவ்வளவுதான் இந்த வகுப்பு," என்றாள் ஹிதாயா.

ஜூலை 11

கும்பிடாமல் நான்கு வரி. அதற்குமேல் வரவில்லை. முதுகு வலிக்கிறது.

ஜூலை 22, சனி

வகுப்பு முடிந்து வந்தால் வாசலில் சந்திரிகாவின் அப்பா கறுப்பையா, கையில் மரக்கறிப் பையோடு. சந்தைக்கு வந்தவர், மகள் படிக்கிற இடத்தைப் பார்க்கலாமென்று வந்திருக்கிறார். பார்த்தது வாசல் சுவரை. 'விசேட உதவி தேவைப்படும் மாணவர்கள்' என்று பதினொரு பெயரும் விலாசத்தோடு, றோட்டில் போகிறவர்கள் வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக. காலையில் இருக்கவில்லை, நாங்கள் உள்ளே இருக்கும்போது ஒட்டியிருக்கிறார்கள்.

"எம் புள்ளைக்கு மூளை கம்மின்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களேம்மா," என்றார் என்னிடம். குரலில் கோபம்கூட இல்லை. அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பெயர் அங்கே இருந்தால் மகள் வகுப்புக்கு வரமாட்டாளாம். சந்திரிகா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். என்ன நெனச்சுக்கிட்டு இருக்கானுங்க? எங்களக் கேட்டா ஒட்டுனானுங்க? என் பெயர் மூன்றாவது. எதிர் மேசைக்காரி அந்த முனையில்தான் பஸ் ஏறுவாள் — சரி, அது வேறு கதை.

ஹிதாயா நிலையத்தின் பணிப்பாளரிடம் போய்க் கேட்டாள். அது வழமை என்றாராம். சரி, எழுத்திலேயே கொடுப்போம் என்று மறுபடி வகுப்பில் உட்கார்ந்தோம். ஆளுக்கொன்று எழுதினோம். பத்துப் பேருடையதில் "கருணைகூர்ந்து" இருந்தது. என்னுடையதில் இரண்டு தடவை. சந்திரிகாவுடையதில் மட்டும் இல்லை:

"எங்கள் பெயர்கள் உங்கள் சுவரில் இருக்கின்றன. எங்களைக் கேட்டு ஒட்டவில்லை. நாங்கள் படிக்க வந்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் சனிக்கிழமை காலை நாங்களே எடுப்போம்."

ஹிதாயா அதை வாசித்துவிட்டுச் சிவப்புப் பேனையை மூடி வைத்தாள். "இதுல நான் திருத்த ஒண்டும் இல்ல," என்றாள்.

பதினொரு பேரும் கையெழுத்திட்டோம். "தங்கள் பணிவுள்ள" என்று சேர்க்க என் கை அரித்தது. சந்திரிகா பேனையைப் பிடுங்கிக்கொண்டாள். "போதுங்க அக்கா." உறையில் பணிப்பாளரின் விலாசம் எழுதித் தபாலில் சேர்க்கிற பொறுப்பு எனக்கு. அனுபவசாலியாம்.

ஜூலை 24, திங்கள்

வரிக்காரர்கள் பணம் வைத்துத் திருப்பி அனுப்பும் பதில் உறைகளில் காலையெல்லாம் எங்கள் சபை விலாசத்தையே எழுதினேன். அதே கையோடு எங்கள் கடிதத்தின் உறையிலும் விலாசம் எழுதி, ஒட்டி, தபாலில் சேர்த்தாயிற்று. வாங்க பார்ப்போம்.

ஜூலை 29, சனி

ஏழரைக்கே பதினொரு பேரும் கேட்டருகே. சுரண்டி எடுக்க வீட்டிலிருந்து தோசைக் கரண்டி கொண்டுபோயிருந்தேன். வேலை இருக்கவில்லை. பட்டியலைக் காணோம், சுவர் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு, தொட்டால் விரலில் ஒட்டுகிறது.

கறுப்பையாவும் வந்திருந்தார். சுவரை மேலும் கீழும் பார்த்தார். "எம் மக ஒரு கடுதாசிதான் போட்டா. செவுத்துக்கே வெள்ளையடிச்சிட்டாங்க," என்று அங்கே நின்ற த்ரீவீல்காரரிடம் சொன்னார். அதையே சிங்களத்திலும் ஒருமுறை சொன்னார். பிறகு சாப்பாட்டுப் பார்சலை மகளிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பெரஹரா திருவிழா வருதுல்ல, டவுன்ல எல்லாச் செவுத்துக்கும்தான் அடிக்கிறாங்க," என்றார். ராத்திரி அவருக்கு அப்பளம் பொரிக்கவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

குண்டசாலையைப் பற்றி ஒரு முழுப் பக்கம். யாரையும் கும்பிடவில்லை. எதிர் மேசைக்காரியிடமும் நேற்றே சொல்லிவிட்டேன்: தையல் இல்லை, எழுத்து வகுப்பு, உதவி தேவைப்படுகிறவர்களுக்கானது, இப்ப என்ன? அவள் முகம் போன போக்கைப் பற்றி இன்னொரு பக்கம் எழுதலாம். மனு எழுதக் கேட்டு வருகிற லயத்துக்காரர்களிடம் சந்திரிகா இப்போது கும்பிடெல்லாம் வேண்டாம் என்கிறாளாம்.

ஆகஸ்ட் 16, புதன்

செயலாளரின் மேசையில் மூன்று வாரமாகக் கிடந்த தபால் கட்டு இன்றுதான் என்னிடம் இறங்கி வந்தது. நடுவில் ஒரு கடிதம். சந்திரிகாவின் ஐந்து வரி, பதினொரு கையெழுத்து. ஓரத்தில் செயலாளர் பச்சை மையில் எழுதியிருந்தார்: 'பாலாம்பிகை, உரிய நடவடிக்கை எடுக்கவும்.'

உறையைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்தேதான். பெறுநர்: செயலாளர், பிரதேச சபை.