பாதி நாக்கு

3-2-1955, வியாழன்
வக்கீல் இன்று வரவில்லை. குமாஸ்தாவான நானே கட்சிக்காரர்களிடம் பேசிச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். பேசும்போது நாக்கின் இடது ஓரத்துப் புண் பல்லில் உரசுகிறது. மார்கழியில் வந்தது, இன்னும் ஆறவில்லை. வெற்றிலையோடு புகையிலை போடவேண்டாம் என்றாள் என் மனைவி அழகியநாயகி. சிரித்துவிட்டேன்.

19-2-1955
நாகர்கோவில் டாக்டர் கழுத்தையும் தடவிப் பார்த்தார். புண்ணில் ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

7-3-1955
புற்று. மறைக்காமல் சொல்லிவிட்டார். இதற்கென்றே மதராஸில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி வந்திருக்கிறதாம், கடிதம் கொடுத்தார். இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரியா? அவ்வளவு பேருக்கா வருகிறது?

9-3-1955
மகள் மீனாட்சிக்கு உடனே மாப்பிள்ளை பார்க்கும்படி தங்கப்பன் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முடிக்காவிட்டால்தான் என்ன? நான் கண்ணை மூடுவதற்குள் – அழகியநாயகி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதுதான் சொன்னாள்? இருபது வருடமாக அவளுக்கும் சேர்த்து நான்தானே பேசுகிறேன்.

16-3-1955, மதராஸ்
திருநெல்வேலி வரை பஸ், அப்புறம் ரயில். ஆஸ்பத்திரி பெரிதாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். சிறியதுதான். கட்டில்களை விட, காத்திருக்கும் ஆட்கள் அதிகம். கூட வந்தவர்கள் பின்னால் ஓலைக் கொட்டகையில் சமைத்துக்கொள்கிறார்கள். தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாம் காதில் விழுகிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் நம் கடற்கரைக்காரர், கபிரியேல். அவருக்குக் கன்னத்தில். ஊர்ப்பேச்சைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் அழகியநாயகியிடம் பெயர் கேட்டார். நான் சொன்னேன். அவங்களைத்தான் கேட்டேன் என்றார்.

19-3-1955
நாக்கில் பாதியை எடுக்கவேண்டும். கழுத்துக் கட்டியையும். பிறகு ரேடியம் வைத்துச் சிகிச்சை. எடுத்தால் பிழைக்க வழி உண்டு, உறுதி இல்லை. பேச்சு குழறும். எடுக்காவிட்டால் ஒரு வருடம் போனால் அதிகம்.

முடியாது என்றேன். பேச்சு இல்லாமல் நான் யார்? கோர்ட் வாசலில் ஊமையாக நிற்கவா? மூட்டையைக் கட்டு, ஊருக்குப் போவோம் என்றேன்.

அவள் கட்டவில்லை.

"பேச்சு போனாப் போவட்டு. ஆளு இருக்கணும். நான் ஊருக்கு வரல்ல."

டாக்டர், நர்ஸ், கபிரியேல் எல்லோரும் இருக்கும்போது சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. இவளுக்குள் இவ்வளவு இருந்ததா? நான் என்றைக்காவது கேட்டேனா?

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

20-3-1955
நாளை ஆபரேஷன். பேச இன்று ஒரு நாள். என்ன பேசுவது? கடைசியில், புகையிலை விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி என்றேன். இப்பம் அது எதுக்கு என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

2-4-1955
இருக்கிறேன்.

5-4-1955
மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. எச்சிலை விழுங்குவதே பெரும்பாடு. வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன், நர்ஸ் படிக்கிறாள். அழகியநாயகி சிலேட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது. கல்யாணமான நாளிலிருந்தே தெரிந்த விஷயம்தான். இன்றுதான் உறைத்தது.

11-4-1955
காலையில் கபிரியேல் இறந்துபோனார். அவருக்கு என்னைவிட முற்றிப்போயிருந்ததாம். அவர் மனைவி லீமா கொட்டகையில் பாயில் கிடந்தாள். அழகியநாயகி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை நகரவில்லை. எனக்கு மட்டும் ஏன் உயிர் மிச்சம்?

23-4-1955
இன்று வாய் திறந்து தண்ணீர் கேட்டேன். வந்தது ஏதோ ஒரு சத்தம். நர்ஸ் தலையணையைச் சரிசெய்தாள். அழகியநாயகி தண்ணீர் எடுத்து வந்தாள்.

14-7-1955, கொட்டாரம்
ரேடியமும் முடிந்து ஊருக்கு வந்து பத்து நாள். வக்கீல் நல்ல மனிதர், எழுத்து வேலையை மட்டும் பாருங்கள் என்கிறார். நான் பேசினால் கட்சிக்காரர்கள் தரையைப் பார்க்கிறார்கள். பெரிய கோபம் வருகிறது. வீட்டுக்கு வந்து யாரிடமோ காட்டுகிறேன். யாரிடம்? அவளிடம்தான். அவளுக்கு மட்டும்தானே திட்டுவது புரிகிறது.

30-1-1956
மதராஸ் போய்க் காட்டிவிட்டு வந்தோம். கழுத்தில் ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். ரயிலில் இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினோம்.

12-2-1956, ஞாயிறு
தங்கப்பன் அண்ணாச்சி பூதப்பாண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வந்தார். நல்ல குடும்பம். பையன் வில்லேஜ் ஆபீஸில் வேலை. சித்திரையிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாமா என்று பையனின் தகப்பனார் கேட்டார்.

சித்திரை எங்களுக்கும் வசதிதான் என்றேன். யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் கதவோரம் நின்ற அழகியநாயகியைப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"மவ டிரெயினிங்க முடிச்சு வேலையில சேந்த பொறவுதான் கல்யாணம்னு சொல்லுதாவ."

பையனின் தகப்பனார் அப்படியா என்பதுபோல என் பக்கம் திரும்பினார்.

நான் தலையை ஆட்டினேன்.