ஐந்து வெள்ளைக்காரர்களும் நிலக்கோட்டை மாமாவும்

ஜூன் 6, வெள்ளி

காற்றுக்கே காய்ச்சல் மாதிரி வெயில். பரண் ஒழிக்கும் வேலை என் தலையில். அக்காவின் ஷாம்பு பாட்டிலில் விளக்கெண்ணெய் ஊற்றியதற்குத் தண்டனை.

கிடைத்தவை: அப்பாவின் மைக்செட் காலத்து ஆம்ப்ளிஃபயர். ரெக்கார்டு பிளேயர். செத்த பல்லி ஒன்று (அக்காவுக்காகப் பத்திரம்). ஓர் எல்.பி. ரெக்கார்டு. அட்டையில் ஐந்து வெள்ளைக்காரர்கள், எண்ணெய் காணாத தலைகள். பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. 

அப்பா கட்டிலில். இன்று டயாலிசிஸ் இல்லை. அட்டையை வாங்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

"கொடைக்கானல் பங்களா ஏலத்துல வந்தது. ஒங்க மாமனும் நானும் நூறு தடவ கேட்டுருப்போம். அறுபதுகள்ல பாடுனது. கறுப்பு ஆளுக பாட்டு, இந்த வெள்ளப் பயலுக எடுத்துப் பாடுறானுக. ஒரு வார்த்த புரியாது. ஆனா அம்புட்டும் புரியும்."

"இதுல மவுத் ஆர்கன் யாருப்பா?"

"அது ஒங்க மாமனுக்குத்தான் தெரியும்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நிலக்கோட்டை, பூ வேன். அம்மா கல்யாணத்துக்கு முன்பே அப்பாவுக்குக் கூட்டாளி. இருவரும் சேர்ந்துதான் மைக்செட் போட்டார்கள். ஏழு வருடமாகப் பேச்சில்லை. அக்காவின் சடங்குக்கு முதல் மாலை தாய்மாமன் போட வேண்டும். பூ ஏற்றி வந்த வழியில் வேன் பஞ்சர். நல்ல நேரம் போகிறதே என்று அப்பா வேறொரு மாமன்முறைக்காரரைப் போடச் சொல்லிவிட்டார். மாமா வந்தார், பார்த்தார், பூக்கூடையை வாசலில் இறக்கினார், போய்விட்டார். அவ்வளவுதான். ஏழு வருடம்.

ஜூன் 7, சனி

லேசான தூறல். அப்பாவோடு ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மாவை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். கதவோரம் நின்று கேட்டேன்: இதயம் தாங்கவில்லையாம். "வேண்டியவங்கள வந்து பாத்துக்கச் சொல்லுங்கம்மா."

ஆட்டோவில் திரும்பினோம். பேருந்து நிலையம் தாண்டும்போது அப்பா: "நிலக்கோட்ட பஸ்ஸு போகுது பாரு."

பல்லியைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. காலை, மேகமில்லை.

ஏழு மணிக்கு பிளேயரைத் துடைத்து, ஊசியைத் துடைத்து, வயரை மொட்டைமாடியில் இன்னும் நிற்கும் மைக்செட் குழாய் ஸ்பீக்கரில் மாட்டினேன். அப்பாவுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று. தெருவை ஒரு உலுக்கு உலுக்கும் ஆசையும் உண்டு, மறைக்கவில்லை. கையில் வந்தது இரண்டாம் பக்கம். முதல் பாட்டு மெதுவானது. ஆர்கன் இழுக்க, மவுத் ஆர்கன் அழ, ஒருத்தன் தொண்டை கிழியக் கதறுகிறான். போன் சொல்கிறது, இதற்கு ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று பெயராம். ப்ளூ என்றால் நீலம். எனக்கு நீளமாகத்தான் கேட்டது. மூன்று நிமிடம், மூன்று வருடம் மாதிரி. ஆனால் மயிர்க்கூச்செறிந்தது. திரும்பவும் போட்டேன். திரும்பவும்.

யோசிக்காதது: எங்கள் நாகல் நகரில் காலை ஏழு மணிக்குக் குழாயில் அழுகைப் பாட்டு கேட்டால் ஒரே அர்த்தம்தான். அதுவும் அப்பா படுக்கையில் இருக்கும் வீட்டில்.

முதலில் இஸ்திரிக் கடைக்காரர், செருப்பில்லாமல். பின்னால் எதிர்வீட்டு அத்தை, தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு: "எஞ் சாமி, போயிட்டியாய்யா!"

உள்ளேயிருந்து அப்பா: "யாரு போனது அக்கா?"

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் யாரோ நிலக்கோட்டைக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

முக்கால் மணி நேரத்தில் வேன். மாமா இறங்கினார், கையில் சம்பங்கி மாலை, கண் இரத்தச் சிவப்பு. உள்ளே வந்தார். அப்பா தலையணையில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

மாமா கட்டிலைப் பார்த்தார், கையிலிருந்த மாலையைப் பார்த்தார்.

"நல்லதுக்குக் காத்திருக்க முடியல. இப்ப பொய்ச்சாவு சொல்லி வரவழைக்கிறியா மச்சான்?"

"தம்பி, ஒருவாய்த் தண்ணி குடிச்சுட்டுப் போடா," என்றாள் அம்மா. மாமா மாலையோடு இறங்கிப் போனார். "வாரேன்" என்று சொல்லவில்லை. எழவு வீட்டில்தான் அப்படிச் சொல்லாமல் போவார்கள்.

ஜூன் 9, திங்கள்

வெயில். வேதியியல் நோட்டு வாங்கவில்லை. அப்பா சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

அம்மா: "கெட்டதுக்குத்தான் கூப்பிடாம வருவாக. நல்லதுக்கு மொறையாப் போய்க் கூப்பிடணும். இனி எத நல்லதுன்னு சொல்லிக் கூப்பிடுறது?"

ஜூன் 11, புதன்

பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி. பஸ்ஸில் நிலக்கோட்டை. பையில் தட்டு, வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், குங்குமம். வீட்டில் சொல்லவில்லை. பூ மார்க்கெட்டில் மாமா மல்லிகை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். தட்டை நீட்டினேன்.

"என்னாத்தா இது? யாருக்குக் கல்யாணம்?"

"பாட்டுக் கேக்கக் கூப்பிட வந்தேன் மாமா. ஞாயித்துக்கிழம, பத்து மணிக்கு."

பக்கத்தில் பூக்கட்டும் அக்காக்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"ஒன் சேட்டையெல்லாம் எனக்குத் தெரியும். போன தடவ பொணம். இந்தத் தடவ கச்சேரியா?"

"குழாய்ல மாட்டுனது நாந்தான். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. சாவுன்னு நெனைப்பாகன்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா..." நான் அழுதால் யாரும் நம்புவதில்லை, பலமுறை பொய்யாக அழுதிருக்கிறேன். அதனால் அடக்கிக்கொண்டு சொன்னேன்: "டாக்டரு வேண்டியவங்களப் பாத்துக்கச் சொல்லிட்டாரு மாமா. அப்பா ஒங்களத்தான் பாக்கணும். சொல்ல மாட்டாரு."

மாமா மூட்டையைக் கீழே வைத்தார். தட்டை வாங்கவில்லை.

"வண்டிக்கு நேரமாச்சு. பஸ்ஸப் பாத்து ஏறு."

தட்டை வேனின் முன்சீட்டில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். முறையா, தெரியாது.

ஜூன் 14, சனி

டயாலிசிஸ் பாதியில் நிறுத்தம். கால் இரண்டும் வீக்கம். நிலக்கோட்டை போனதை வீட்டில் ஒப்புக்கொண்டுவிட்டேன். அக்கா முறைத்தாள், பிறகு என் தட்டில் அவளுடைய முட்டையை வைத்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

மேகம். அப்பாவுக்கு அக்கா கண்ணாடி பிடிக்க, அவரே ஷேவ் செய்துகொண்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அம்மா ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போட்டாள். அதையும் யாரும் கேட்கவில்லை.

பத்து. பத்தேகால். பத்தரை.

பத்தேமுக்காலுக்கு வேன். மாமா வாசல்படிக்கு வெளியே நின்றுவிட்டார். நாங்கள் மூவரும் வாய் திறக்கவில்லை. 'வா' என்பது அப்பா சொல்ல வேண்டிய சொல். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"அன்னைக்கு நான் காத்திருந்திருக்கணும். உள்ள வா மாப்ளே."

மாமா செருப்பைக் கழற்றினார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதைப் பார்க்கவே இல்லை. கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். அப்பா குனிந்து, தன் வீங்கிய கால்களை இரண்டு கைகளாலும் பிடித்து, ஒவ்வொன்றாக நகர்த்தி, மாமா உட்கார இடம் விட்டார்.