இல்லாத படிப்பு போன கதை

மே 12
கிடங்குக் கூரை காற்றில் பறந்து பஸ் நிலையத்தில் விழுந்த வருஷம் இது. மாப்பிள்ளை புது ஸ்கூட்டர் வாங்கி மூன்றே நாளில் தொலைத்த வருஷம். என் தலைக்குள் கட்டி என்று சொன்னதும் இதே வருஷம்தான். எழுத்துத் தெரியாதவனுக்கு நாட்குறிப்பு எதற்கு? மகள் போனில் ஒரு பொத்தான் காட்டிக் கொடுத்தாள். நான் பேசுகிறேன், அது எழுதுகிறது.

மே 14
டாக்டரம்மா சொன்னாள்: மூளைக்கு ஒரு காவல் உண்டாம், கட்டிக்கான மருந்தை உள்ளே விடாதாம். ஸ்கேனில் படம் பார்த்துக்கொண்டே, காதுக்குக் கேட்காத ஒலியைக் கட்டி இருக்கும் இடத்தில் குவித்து, அந்தக் காவலைக் கொஞ்ச நேரம் தளர்த்துவார்களாம். மண்டையைத் திறக்க வேண்டாம். கிடங்கில் மூட்டை தூக்கின காலத்தில் வாட்ச்மேனை நாங்கள் எட்டுப் பேரும் பேச்சுக் கொடுத்து ஏமாற்றின மாதிரி. எனக்கு இப்பவே குஷி.

மே 19
ஞாபக சோதனை. ஐந்து வார்த்தை சொன்னாள் சோதனை செய்கிற பெண், திருப்பிச் சொன்னேன். பின்னாலிருந்தும் சொன்னேன். அப்புறம் ஒரு அட்டையை நீட்டி, “இதைப் படிச்சு, அதுல இருக்கிறபடி செய்யுங்க.” நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை பக்கத்திலேயே — பள்ளிக்கூட வாத்தியார். அவர் முன்னால் எப்படிச் சொல்றது?

மே 20
போச்சு. கட்டி படிக்கிற இடத்தையும் பிடித்துவிட்டதோ என்று சந்தேகமாம். “படத்துல அப்படித் தெரியலை, ஆனா சோதனையில படிக்க முடியலை. காரணம் தெரியாம ஒலி சிகிச்சை கொடுக்க மாட்டோம்” என்கிறாள் டாக்டரம்மா.
என்கிட்ட இல்லாத படிப்பு எப்படிப் போகும்? நானே விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரலை. வாயைத் திறக்கலைன்னா சிகிச்சை கிடையாது.

மே 21
சொல்லிட்டேன். மாப்பிள்ளை முன்னாலயே. “டாக்டரம்மா, எனக்குப் பொறந்ததுல இருந்தே படிக்கத் தெரியாது.”
மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். “தெரியும் மாமா. மூணு வருஷமா உங்க நாற்காலியில ஒரே பழைய பேப்பரைத்தான் வைக்கிறேன். புதுசை நான் எடுத்துட்டுப் போயிடுவேன்.”
“அதான் தினமும் அதே கப்பல் படமா?”
டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

ஜூன் 2
மொட்டை. தலையில் தொப்பி மாதிரி ஒன்று, உள்ளே குளிர்ந்த தண்ணீர். கையில் ஊசி போட்டு, கண்ணுக்குத் தெரியாத குமிழிகளை ரத்தத்தில் விட்டார்கள். அந்த ஒலி பட்டதும் குமிழிகள் அதிர்ந்துதான் காவல் தளருமாம். ஸ்கேன் மிஷின்தான் டமடமவென்று தட்டியது. வேலை செய்த ஒலி எனக்குக் கேட்கவே இல்லை. மருந்து உள்ளே போய்விட்டதாம். இன்னும் ரெண்டு தடவை வரணும்.

ஜூன் 3
மொட்டையில் வெயில் சுகம்.

ஆகஸ்ட் 30
மூன்றும் முடிந்தது. கட்டி சுருங்கியிருக்கிறது — கொஞ்சம்தான், ஆனால் சுருங்கியிருக்கிறது. அட்டையைக் காட்டவில்லை இந்தத் தடவை. “கிடங்குல மூட்டை தூக்கினது எட்டுப் பேர்னீங்களே, அவங்க பேரை வேலைக்குச் சேர்ந்த வரிசையில சொல்லுங்க தாத்தா” என்றாள் சோதனைப் பெண். கொம்பன், ஒட்டடை, பல்லன், ரெட்டைமண்டை, அவன் தம்பி சோம்பேறி, மாவு, கோணவாயன். அவரவர் செத்துப்போன நாளும் சேர்த்துச் சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணி, “ஏழுதான் வருது. எட்டுன்னீங்களே?” என்றாள்.
எட்டாவது ஆள் இன்னும் இருக்கான்மா. லொடலொடா. உன் முன்னாலதான் மொட்டையோட உட்கார்ந்திருக்கான்.